அரை மில்லியும் ஐந்தாவது சாக்ஸும்

“இது தெளிவா… இல்ல, இது தெளிவா?”

காலை ஐந்தரை மணிக்கு, காபி டம்ளருக்கும் மனைவியின் மூக்குக்கும் நடுவே இரண்டு படங்களை மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டிருந்தார் அரை மில்லி. இரண்டிலும் குழாய்கள்தான். ஒன்றில் நான்கு குழாய்கள் தனித்தனியே வளைந்து ஓடி, ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. மற்றதில் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, கொஞ்ச தூரம் போய், அப்புறம் ஒன்றாயின. அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஆறேகால் வண்டியை எடுக்க வேண்டியவர். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே அரைப் பார்வை பார்த்துவிட்டு, “ரெண்டு ரெண்டா சேருதே, அது” என்றார்.

அரை மில்லி நம்பவில்லை. படங்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கைமாற்றி மறுபடியும் நீட்டினார். கண் பரிசோதனையில் இது பழைய தந்திரம். சிலர் சீக்கிரம் எழுந்து போனால் போதும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார்கள். இடம் மாற்றிக் காட்டினால் குட்டு உடைந்துவிடும்.

“இப்போ?”

“அதேதான். இப்ப உங்க இடது கையில இருக்கு.”

“எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்ற?”

“ஊருக்குள்ள ஓட்டுற வண்டிக்கு மெதுவாப் போகும்போது இழுவை வேணும். அது குடுக்கும். இன்னொண்ணு பந்தயத்துக்கு. நீங்க எந்தப் பந்தயத்துக்குப் போகப் போறீங்க, காய்கறிக் கடைக்கா?”

அரை மில்லி சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, மனைவியின் கருத்து என்று தலைப்புப் போட்டு அதை எழுதிக்கொண்டார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். அந்தக் கேள்விக்குறியை அழிக்க அவருக்கு ஏழு மாதம் ஆயிற்று.

அரை மில்லி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. கடையில் கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்தது. அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்தி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்துக் கொடுப்பார். முப்பத்தோரு வருஷமாக இதுதான். ஒரு கருவிழியின் நடுவிலிருந்து மறு கருவிழியின் நடு வரைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து, லென்ஸின் நடு அங்கே வரும்படி வைக்க வேண்டும். “அரை மில்லி தள்ளிப் போச்சுன்னா போதும், சாயங்காலம் தலைவலி நிச்சயம்” என்பார். ஒரு நாளைக்கு எட்டு முறையாவது சொல்லுவார். கேட்கிறவர்களுக்குச் சாயங்காலத்துக்கு முன்பே தலைவலி வந்துவிடும்.

மனிதர்களை அவர் ஞாபகம் வைத்துக்கொள்வது அந்த அளவால்தான். “இன்னைக்கு அறுபத்தேழு வந்திருந்தார், உன்னைக் கேட்டார்” என்பார். “எந்த அறுபத்தேழு?” என்று மனைவி கேட்க வேண்டும். “அதான், மாடி வீட்டுக்காரர்.” மனைவியும் ஒரு காலத்தில் கடைக்குக் கண்ணாடி வாங்க வந்தவர்தான். அறுபத்தொன்று. முகம் இரண்டாவது தடவை வந்தபோதுதான் மனதில் பதிந்தது என்று இன்றைக்கும் கூச்சமே இல்லாமல் சொல்லுவார். அந்த அம்மாவும் இந்த மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரவர் துணிச்சல்.

வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். நீண்ட மூக்கு, வட்ட விளக்குகள், தக்காளிச் சிவப்பு. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் கம்பெனி செய்த வண்டி. ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குக் கண்ணாடி கொடுக்கப் போனவர், பின்புறம் கோழிகள் அதன் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மனைவியிடம் கேட்காமல் வாங்கி வந்த ஒரே பொருள் அது. ஒன்பது வருஷமாயிற்று. கோழி வாசனை போக ஒரு வருஷம், கதவு மூட இரண்டு வருஷம், விளக்கு எரிய இன்னொரு வருஷம். அப்படி ஒவ்வொன்றாக வந்து, ஓட வேண்டியது மட்டும் பாக்கி.

அந்தக் காரில் ஏறுவதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. காலில் இருப்பதைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். கதவுக்குள் ஒரு துணிப்பை தொங்கும். கழற்றிய செருப்போ ஷூவோ அதில் போய்விடும். சைலன்சர் வேலைக்கு வருகிற வெல்டர்கூட, உடம்பெல்லாம் கரியாக இருந்தாலும், பாதத்தை மட்டும் துடைத்துக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பார். ஓடாத காருக்கே இவ்வளவு மரியாதை. மனைவி ஒன்பது வருஷத்தில் ஒரு ஐம்பது தடவை அதில் உட்கார்ந்திருப்பார், ஒவ்வொரு தடவையும் ஷூவின் நாடாவை அவிழ்த்துவிட்டு. ஒரு தடவைகூட வண்டி ஷெட்டைத் தாண்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கணவர் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, மறுபடி நாடா கட்டிக்கொண்டு சமையலறைக்குப் போவார்.

ஓடாததற்குக் காரணம் புகை. இன்ஜினின் பக்கவாட்டில் நான்கு துளைகள் இருக்கின்றன. எரிந்த புகை அவற்றின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த நான்கையும் சேர்த்துப் பிடிப்பதற்குக் கம்பெனி போட்டது ஒரு கனமான வார்ப்பிரும்புக் குழல். அது நெடுக விரிசல் விட்டிருந்தது. வண்டியைக் கிளப்பினால் புகை சைலன்சருக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு வரும். இரும்புக் குழலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ‘ஹெடர்’ என்கிற தனித்தனிக் குழாய்க் கட்டை மாட்டினால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும். மாட்டுவது என்று முடிவானது ஒரே நாளில். எதை மாட்டுவது என்பதற்குத்தான் ஏழு மாதம். சாதா இரும்பா, துருப்பிடிக்காத இரும்பா, உள்விட்டம் எவ்வளவு, மேலே வெள்ளிப் பூச்சா கறுப்புப் பூச்சா, கடைசியில் நாலும் ஒன்றாகச் சேருவதா, இரண்டிரண்டாகச் சேருவதா. அத்தனைக்கும் படங்கள் வைத்துக்கொண்டு, காலைக் காபியின்போது இது தெளிவா அது தெளிவா என்று கேட்டபடி இருந்தார். எட்டாவது மாதம், இரண்டிரண்டாகச் சேருவதே சரி என்று தாமே கண்டுபிடித்த சந்தோஷத்தில் வந்து மனைவியிடம் சொன்னார்.

“அப்படியா. நல்ல யோசனை” என்றார் அந்த அம்மா.

இப்படியே விட்டிருந்தால் மாட்டுவதற்கும் இன்னொரு ஏழு மாதம் போயிருக்கும். ஆனால் ஒரு தேதி குறுக்கே வந்துவிட்டது.

டிரைவரம்மா, ஷெட்டிலும் டிப்போவிலும் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்கிறார்கள், ஓய்வு பெறும் நாள் அது. இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. ஊரில் பாதிப் பேரை அவரவர் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அவரைக் கொண்டுபோய் விட்டவர் ஒருவரும் கிடையாது. அந்த டிப்போவில் ஒரு வழக்கம். வேலையின் கடைசி நாளில் யாரும் பஸ்ஸில் வீட்டுக்குப் போகக் கூடாது. வீட்டிலிருந்து யாராவது வந்து அழைத்துப் போக வேண்டும். நாலு மணிக்கு ஷிப்ட் முடியும், நாலேகால் வரைக்கும் பார்ப்பார்கள். யாரும் வரவில்லையென்றால், நடுவழியில் நின்றுபோன பஸ்களை இழுத்துவருகிற பழுது லாரியில் ஏற்றி, ஹாரன் அடித்துக்கொண்டே கொண்டுபோய் விடுவார்கள். போன வருஷம் ஒரு கண்டக்டர் அப்படித்தான் போனார். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்ததாம். மனிதர் அப்புறம் பத்து நாள் வெளியே தலை காட்டவில்லை.

“நான் வர்றேன். நம்ம வண்டியில வர்றேன்” என்று அரை மில்லி வாக்குக் கொடுத்துவிட்டார். சாப்பிடும் நேரத்தில் கொடுத்த வாக்கு. இரண்டு கவளத்துக்குப் பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

டிரைவரம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

“வந்தா சந்தோஷம். வரலன்னா நான் பழுது லாரியில வருவேன். வந்த லாரி சும்மா திரும்பாது. ஷெட்ல நிக்குதே, அதையும் கொக்கி மாட்டி இழுத்துட்டுத்தான் போகும். எனக்கு அந்த ஷெட்ல ஒரு நாற்காலி போடணும். இருபத்தாறு வருஷம் நகர்ந்துக்கிட்டே இருந்துட்டேன். இனிமே நகராத ஒரு இடத்துல உக்காரணும்.”

விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் நாற்காலியை அன்றைக்கே பழைய சாமான்களிலிருந்து எடுத்துத் துடைத்து, ஷெட்டின் கதவோரம் வைத்துவிட்டார். டாக்ஸி பிடித்துக்கொண்டு போய் அழைத்து வரலாமே என்று நினைப்பீர்கள். வெல்டரும் நினைத்தார். வாய்விட்டும் சொன்னார். அரை மில்லி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

குழாய்க் கட்டு வந்து சேர்ந்தபோது கடைசி நாளுக்கு ஐந்து வாரம் இருந்தது. பழைய குழலைப் பிடித்திருந்த எட்டு நட்டுகளும் துருவேறி இன்ஜினோடு இன்ஜினாகக் கிடந்தன. அவசரப்பட்டு முறுக்கினால் உடையும், உடைந்தால் இன்ஜினையே இறக்க வேண்டிவரும். தினமும் கடைக்குப் போகுமுன் ஒவ்வொரு நட்டுக்கும் இரண்டு சொட்டு எண்ணெய், சாயங்காலம் வந்து கால் திருப்பு, மறுபடி எண்ணெய். பன்னிரண்டு நாள். சும்மா சொல்லக் கூடாது, எட்டில் ஒன்றுகூட உடையவில்லை. கழற்றிய நட்டுகளை மூக்குக் கண்ணாடிப் பெட்டிகளில் ஒவ்வொன்றாக வைத்து, எது எந்த இடத்து நட்டு என்று சீட்டு ஒட்டியிருந்தார். வெல்டர் வந்து பார்த்துவிட்டு, “அண்ணே, இதுக்கெல்லாம் பவர் எவ்வளவு?” என்று கேட்டார்.

குழலைக் கழற்றியதும் நான்கு துளைகளும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. உள்ளே தூசியோ நட்டோ விழுந்தால் தீர்ந்தது. எல்லா மெக்கானிக்கும் கந்தைத் துணியைச் சுருட்டி அடைப்பார்கள். அரை மில்லி அடைப்பாரா? கந்தையில் நூல் உதிரும். லென்ஸ் தொழிலில் நூல் என்றால் பகை. அவர் கண்டுபிடித்தது டிப்போ சாக்ஸ். டிரைவர்களுக்கு டிப்போ கொடுக்கிற கறுப்புச் சாக்ஸ் அது. இரண்டு வருஷம் துவைத்தாலும் முரட்டுத்தனம் குறையாது, நூல் உதிரவே உதிராது. ஓய்வறையில் கலந்துபோகாமல் இருக்க டிரைவரம்மா ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிவப்பு நூலால் தன் பேட்ஜ் எண்ணைத் தைத்திருப்பார், நானூற்றுப் பதினேழு. ஓட்டை விழுந்த பழைய ஜோடிகள் இரண்டை அவரிடம் கேட்டு வாங்கி, துளைக்கு ஒன்றாகச் செருகினார். நோட்டில் எழுதினார்: ‘சாக்ஸ், நான்கு. வைத்தாயிற்று.’

மூன்றாவது துளையில்தான் வினை. குழாயை மாட்டிப் பார்த்துக் கழற்றும்போதெல்லாம் அந்தத் துளையின் சாக்ஸ் நழுவி நழுவிக் கீழே விழுந்தது. பழசு, பிடிப்பு இல்லை. சரி, உள்ளே முட்டுக்கு இன்னொன்றை வைப்போம் என்று மனைவியின் இழுப்பறையைத் திறந்து, கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்துவந்து ஆழமாகச் செருகி, அதன் மேல் பழசை வைத்தார். டிரைவரம்மா அப்போது எட்டாம் நம்பர் வண்டியில் இருந்தார். ஐந்தாவது சாக்ஸை நோட்டில் எழுத வேண்டும். எழுதத்தான் போனார். ஆனால் இரண்டு கையும் எண்ணெய். எண்ணெய்க் கையால் அவர் நோட்டைத் தொட மாட்டார், அதில் ஒரு பக்கத்தில்கூட ஒரு கறை கிடையாது. கை கழுவிவிட்டு எழுதலாம் என்று போனவர், வழியில் வெல்டர் வந்து நிற்பதைப் பார்த்தார். அவ்வளவுதான், அந்தச் சாக்ஸ் உலகத்தின் ஞாபகத்திலிருந்தே போய்விட்டது.

வெல்டர் வந்திருந்தது வேறு விஷயத்துக்கு. இரண்டாவது குழாய்க்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் நடுவே இடம் இல்லை. அரை மில்லி லென்ஸ் துடைக்கிற மெல்லிய தாளை அந்தச் சந்தில் நுழைத்து இழுத்துக் காட்டி, “போகுது பாரு, இடிக்கல” என்றார்.

“எவ்வளவு இருக்கு அண்ணே?”

“அரை மில்லி.”

வெல்டர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். “குழாய் சூடானா விரியும். இன்ஜின் ஆடும். திருப்பத்துல தண்டு உரசிச்சுன்னா வண்டி உங்க பேச்சைக் கேக்காது. குழாயில அந்த இடத்தை மட்டும் லேசா உள்ள தள்ளிடலாம். ஒரே அடி.”

“அடியா?”

“எல்லாரும் செய்யுறதுதான். தட்டினா சரியாப் போயிடும்.”

ஏழு மாதம் பார்த்துப் பார்த்து வாங்கிய குழாயைச் சுத்தியலால் அடிப்பதா என்று அரை மில்லி குழாயைக் கையால் மறைத்துக்கொண்டார். இரண்டு வாரம் யோசித்தார். மாற்று வழி என்று ஒன்பது எழுதி, ஒன்பதையும் அடித்தார். கடைசியில் அடிக்க வேண்டிய இடத்தில் தாமே பென்சிலால் ஒரு முட்டை வட்டம் வரைந்து கொடுத்துவிட்டு, வெளியே போய், நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. போய் அளந்தார். ஆறு மில்லி இடம், பென்சில் வட்டத்துக்குள்ளேயே பள்ளம்.

“கை சுத்தம்” என்றார். அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் வருவது அபூர்வம். வெல்டர் அதை வீட்டில் போய்ச் சொன்னாராம்.

கடைசி வாரத்தின் செவ்வாய்க்கிழமை இறுதிப் பூட்டு. சாக்ஸுகளை ஒவ்வொன்றாக உருவினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நோட்டைப் பார்த்தார், நான்கு. கை துடைத்து, பென்சிலால் ஒரு சரி போட்டார். புகை கசியாமல் இருக்க கேஸ்கட் வைத்து, குழாயை மாட்டி, நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக இறுக்கினார். எட்டு நட்டு, எட்டுச் சரி.

புதன்கிழமை மாலை டிரைவரம்மா இழுப்பறையைக் கலைத்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, என் சாக்ஸ் ஒண்ணு காணோம். கடைசி நாளுக்குன்னு எடுத்து வச்ச புது ஜோடி. ஒண்ணுதான் இருக்கு.”

“நாலு எடுத்தேன், நாலு குடுத்துட்டேன்.”

“அது பழசு. நான் கேக்குறது புதுசு.”

“நோட்டைப் பாரு.”

“நோட்டு சாக்ஸ் போட்டுக்காது. எனக்குக் காலுக்கு வேணும்.”

அவர் நோட்டைத் திறந்து அந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த நோட்டு தப்பாக இருந்ததில்லை. டிரைவரம்மா விரலையும் பார்த்தார், வரியையும் பார்த்தார், கணவரின் அலமாரியைத் திறந்து ஒரு பழுப்பு நிறச் சாக்ஸை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே வண்டி கிளம்பியது. கிளம்பியது என்பதே பெரிய விஷயம், வெல்டர் கை தட்டினார். பின்னால் சைலன்சரிலிருந்து ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. “புதுப் பூச்சு வேகுது அண்ணே, பத்து நிமிஷத்துல போயிடும்” என்றார் வெல்டர். புதுக் குழாயில் அது சகஜம்தான். ஆனால் தெருவைச் சுற்றி வந்தபோது இழுவை என்பதே இல்லை. மிதித்தால் இன்ஜின் திணறியது. சமையலறை ஜன்னலிலிருந்து டிரைவரம்மா காது கொடுத்துக் கேட்டார்.

“மூக்கடைச்சிருக்கு உங்க வண்டிக்கு.”

“எல்லாம் நோட்டுப்படி இருக்கு.”

“இருக்கட்டும். மூக்கடைச்சிருக்கு.”

கடைசி நாளான வெள்ளிக்கிழமை காலை டிரைவரம்மா வேலைக்குப் போகும்போது ஷெட் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அரை மில்லியைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டிப்போ பதினோரு கிலோமீட்டர். நாலு மணிக்குப் போய்ச் சேர இரண்டரைக்கே புறப்பட்டார். முதல் கிலோமீட்டரில் ஒரு சைக்கிள்காரர் பின்னாலிருந்து மணி அடித்து வழி கேட்டுத் தாண்டிப் போனார். இரண்டாவது கிலோமீட்டரில் சிக்னலில் நின்றுபோன வண்டி, ஐந்து தடவை பச்சை விழுந்த பிறகே கிளம்பியது. அப்புறம் இன்ஜின் சூடேறிக் கொதித்து, நிழலில் நிறுத்தி ஆற வைக்க அரைமணி. முன்கண்ணாடிக்குள் அந்த நாற்காலிதான் தெரிந்தது அவருக்கு. இருபத்தாறு வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் போய் அழைத்து வர வேண்டும், அதுகூட முடியவில்லையா நம்மால் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்து, “போயிடலாம்மா, போயிடலாம்” என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

டிப்போ வாசலில் ஓர் ஏற்றம் இருக்கிறது. காலி பஸ்ஸே அங்கே முனகும். அதன் அடியில் வந்தபோது மணி நாலு இருபது. மேலே டிரைவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பழுது லாரி உறுமிக்கொண்டிருந்தது. டிரைவரம்மா ஒரு கையில் சாப்பாட்டுப் பையோடு, லாரியின் படியில் ஒரு காலை வைத்திருந்தார்.

ஏற்றத்தின் பாதியில் வண்டி நின்றது. நின்றது மட்டுமில்லை, மெல்ல மெல்லப் பின்னால் வரவும் ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்தறியாத மனிதர், அன்றைக்கு மிதித்தார். பலகையோடு பலகையாக மிதித்தார்.

டொப் என்று ஒரு சத்தம். பின்னாலிருந்து கறுப்பாக ஒன்று புகைந்துகொண்டே பறந்துபோய் டைம்கீப்பர் அறையின் ஜன்னலில் அடித்து விழுந்தது. அடுத்த நொடி இன்ஜினின் குரலே மாறிவிட்டது. ஒன்பது வருஷத்தில் அவர் கேட்டிராத குரல், அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்த, கனமான, சீரான குரல். வண்டி ஏற்றத்தை ஒரே மூச்சில் தாவி, பழுது லாரிக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. டிரைவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். இன்ஜின் சத்தம் தெரிந்தவர்கள், கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டைம்கீப்பர் பேனாவின் நுனியில் அந்தக் கறுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். விளிம்பைத் திருப்பி, மூக்கைச் சுளித்து, எழுத்துக்கூட்டினார்.

“நாலு… ஒண்ணு… ஏழு. அக்கா, இது உங்களுது.”

அப்போது சிரித்தார்கள் பாருங்கள், லாரி டிரைவர் ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்துவிட்டார். டிரைவரம்மா மட்டும் சிரிக்கவில்லை. படியிலிருந்து காலை எடுத்து, இறங்கி வந்து, பாதி கருகிய சாக்ஸைப் பார்த்தார். அப்புறம் கணவரைப் பார்த்தார்.

“நோட்டுல இருக்கா?”

அரை மில்லியின் காது சிவந்துவிட்டது. பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போனது, நோட்டை எடுத்தது, பக்கத்தைத் திருப்பியது. “நாலு வச்சேன்…” என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். மூன்றாவது துளை ஞாபகம் வந்துவிட்டது. திறந்த இழுப்பறை ஞாபகம் வந்துவிட்டது.

“அஞ்சு” என்றார். “கையெல்லாம் எண்ணெயா இருந்துச்சு. எழுதல. லேட்டும் ஆயிடுச்சு. மன்னிச்சுக்கோ.”

“வந்துட்டீங்கல்ல” என்றார் டிரைவரம்மா. “இப்பத்தான் ஒழுங்கா மூச்சு விடுது. நான் சொன்ன குழாய்தானே, விடாம என்ன செய்யும்?”

டைம்கீப்பர் லாரியைப் பார்த்துக் கையசைத்தார். லாரி உறுமலை நிறுத்தியது. யாரோ காரின் கதவைத் திறந்து பிடித்தார்கள். டிரைவரம்மா ஒரு கையைக் காரின் கூரையில் ஊன்றிக்கொண்டு, ஒன்பது வருஷப் பழக்கத்தில் குனிந்து, இடது ஷூவின் நாடாவை இழுத்து அவிழ்த்தார். ஷூவுக்கு மேலே தெரிந்தது பழுப்பு நிறச் சாக்ஸ், கணவருடையது.

அரை மில்லி காரிலிருந்து இறங்கி, அதன் நீண்ட மூக்கைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். வருஷக்கணக்காக பஸ் எண்ணெய் ஊறிக் கறுத்த தரையில், சலவைப் பேண்ட்டோடு, ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். மனைவியின் விரலிலிருந்து நாடாவின் இரண்டு முனைகளையும் வாங்கி, ஷூவைக் கழற்றாமல் மறுபடி முடிச்சுப் போட்டார். போட்டுவிட்டு, தலையைச் சாய்த்து, முடிச்சின் இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தார். இடது பக்கத்தை இம்மியளவு இழுத்துவிட்டார்.